பொன்னியின் செல்வன் தொடராக வந்தால்: தினமுமா, வாரமா, ஒரே மூச்சிலா?

போன ஆடி மாதம் எனக்குத் தெரிந்த தயாரிப்பாளர் ஒருவர் கூப்பிட்டார். சின்னத்திரையில் இருபது வருடமாக இருப்பவர். "பொன்னியின் செல்வனை டிவிக்குப் பண்ணலாம்னு இருக்கேன். டெய்லியா போகலாமா, ஓடிடியா? ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றார். நான் பத்து வருடம் மெகா தொடர்களுக்கு வசனம் எழுதியவன். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். அடங்கவில்லை. அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன்.

அவருடைய முதல் கேள்வி, "ரைட்ஸ் யாருகிட்ட இருக்கு?" யாரிடமும் இல்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். அவருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு என்ற காப்புரிமைக் கணக்குப்படி பார்த்தாலும் 2014-ஓடு முடிந்தது. ஆகவே நாவலை யாரும் எடுக்கலாம். ஆனால் 2022-லும் 2023-லும் வந்த மணிரத்னம் படங்களுக்காகப் புதிதாக எழுதப்பட்ட காட்சிகள் அந்தப் படங்களுக்குச் சொந்தம். இதை நான் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது படம், நாவல் அல்ல. ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் அந்தப் போரோடு முதல் எபிசோடைத் தொடங்கலாம் என்று நினைத்திருந்தாராம். அந்தப் போர் நாவலிலேயே கிடையாது.

இந்த நாவலைத் திரைக்குக் கொண்டுவரும் ஆசைக்கு வயது அதிகம். எம்.ஜி.ஆர். 1958-இல் உரிமை வாங்கினார். மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதினார். நடக்கவில்லை. கமலும் மணிரத்னமும் எண்பதுகளின் கடைசியில் பேசிப் பார்த்தார்கள். அப்புறம் 2010-ஐ ஒட்டி இன்னொரு முயற்சி. 2019-இல் இணையத் தொடராக வரப்போகிறது என்று வேறொரு தரப்பிலிருந்து அறிவிப்பும் வந்தது. இத்தனை பேர் கைவைத்துப் பின்வாங்கியதற்குப் பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கு.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து பாகம், 293 அத்தியாயம். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. கல்கி வாரப் பத்திரிகையில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை வருடம் வந்தது. மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு வகுத்தால் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதில் மணிமேகலைக்கு இடமே இல்லாமல் போனது. மதுராந்தகனைப் பற்றிய ஆள்மாறாட்ட முடிச்சு போனது. சேந்தன் அமுதன் யார் என்று தெரியவரும்போது நாவலைப் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்களே, அதுவும் போனது. நான் குறையாகச் சொல்லவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் வேறு வழியில்லை. படம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, பட்டத்து இளவரசன் கரிகாலனையும் பழுவூர் இளைய ராணி நந்தினியையும். தொலைக்காட்சிக்கு மிச்சம் கிடப்பது என்ன என்பதுதான் என் கேள்வி.

மிச்சம் நிறையவே கிடக்கிறது. சொல்லப்போனால் தொலைக்காட்சிக்கென்றே எழுதியதுபோல் கிடக்கிறது. பொன்னியின் செல்வன் என்றதும் யானை, குதிரை, வாள், கப்பல் என்று நம் கண்முன் வரும். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நடப்பது வேறு. ஒருவர் இன்னொருவர் பேசுவதை ஒளிந்திருந்து கேட்கிறார். கடம்பூர் மாளிகையில் நடுநிசியில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதைக் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். திருப்புறம்பயம் பள்ளிப்படையில் சதிகாரர்கள் பேசுவதை வீர வைணவன் ஆழ்வார்க்கடியான் ஒளிந்து கேட்கிறான். கேட்டதை ஒருவர் இன்னொருவரிடம் பாதி சொல்லிப் பாதி மறைக்கிறார். இரண்டு பேர், ஒரு இருட்டு, ஒரு விளக்கு, ஒரு பொய். சினிமாத் திரைக்கு இது சின்ன விஷயம். வீட்டுக் கூடத்தில் இருக்கும் நாற்பது அங்குலப் பெட்டிக்கு இதுதான் தீனி. போரை எடுக்கத்தான் கோடி வேண்டும். ஒட்டுக்கேட்பதை எடுக்க நல்ல நடிகர் இரண்டு பேரும் நல்ல ஒளிப்பதிவாளரும் போதும்.

சரி, தினசரித் தொடர்.

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷம். வாரத்துக்கு ஆறு நாள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்றால் நாற்பத்தொன்பது வாரத்தில் 293-ம் முடிந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. தினசரித் தொடரைப் பார்ப்பவர்களில் பெண்கள் அதிகம், இந்த நாவலை நகர்த்துபவர்களிலும் பெண்கள் அதிகம். குந்தவை, நந்தினி, வானதி, பூங்குழலி, மணிமேகலை, செம்பியன் மாதேவி, ஊமை ராணி மந்தாகினி. ஒவ்வொருவரையும் வைத்து நூறு நாள் ஓட்டலாம். தயாரிப்பாளர் டெய்லி பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம், அது தப்பான காரணமும் இல்லை.

பிரச்சினை தொடர் ஓடத் தொடங்கியதும் வரும். தினசரித் தொடரில் கதையை எழுத்தாளர் நடத்துவதில்லை, வியாழக்கிழமை நடத்துகிறது. அன்றைக்குத்தான் டி.ஆர்.பி. வரும். எண் ஏறினால் "இதை இழுங்க" என்பார்கள். இறங்கினால் "இவங்களைக் காலி பண்ணுங்க" என்பார்கள். நன்றாக ஓடினால் 293 அத்தியாயம் போதாது, எண்ணூறு எபிசோட் கேட்பார்கள். ஓடாவிட்டால் அறுபதாவது எபிசோடில் கதையை முடிக்கச் சொல்வார்கள், அப்போது வந்தியத்தேவன் இலங்கைக்கே போயிருக்க மாட்டான். இழுக்க வேண்டும் என்றால் எதைப் போட்டு இழுப்பார்கள்? எனக்குத் தெரியும், நானே இழுத்திருக்கிறேன். குந்தவை பழையாறையில் இருக்கிறாள், நந்தினி தஞ்சாவூரில் இருக்கிறாள். இருவரும் நேருக்கு நேர் நிற்பது நாவலில் அரிது. அரிதாக இருப்பதால்தான் அவர்கள் சந்திக்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது. முதல் கதை விவாதத்திலேயே யாரோ ஒருவர், "ரெண்டு பேரையும் ஒரே அரண்மனையில கொண்டாந்து வெச்சா என்ன சார்?" என்று கேட்பார். மூன்றாவது மாதம் பழுவூர் இளைய ராணி குந்தவையின் பாயசத்தில் எதையாவது கலப்பாள்.

இன்னொரு சங்கதி, வெளியில் பலருக்குத் தெரியாது. தினசரித் தொடரில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்து வருவதில்லை, அதற்கு நேரமும் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று உரக்கப் படிப்பார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இதற்குப் பெயர் பிராம்ப்டிங். குரலை அப்புறம் டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். "நீ ஏன் அந்த வீட்டுக்குப் போன?" என்பது மாதிரி வசனத்துக்கு இது சரிப்படும். ஒருமுறை நான் ஒரு சரித்திரத் தொடருக்கு எழுதினேன். "தங்கள் சித்தம் என் பாக்கியம், அரசே" என்று ஒரு வரி. பிராம்ப்டர் சொல்கிறார், வெளிமாநிலத்திலிருந்து வந்த அந்த நடிகை சொல்கிறார், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எழுத்து எங்கேயோ போகிறது. பதினோரு டேக். பக்கத்து செட்டில் வேறு தொடர் காத்திருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "சரிங்க அரசே" என்று ஆனது. கல்கியின் வசனத்தில் பாதி சுவை சொல்லுக்குச் சொல் பதில் வீசுவதில் இருக்கிறது. ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டையை பிராம்ப்டிங்கில் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடிடி இதற்கு நேர் எதிர். எட்டு முதல் பத்து எபிசோட், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், திரைக்கதை முழுதும் கையில் வந்த பிறகே படப்பிடிப்பு. பாகத்துக்கு ஒரு சீசன், பத்து எபிசோட் என்று வைத்தால் ஐந்து சீசனுக்கு முப்பத்தேழரை மணி நேரம் கிடைக்கிறது. படத்தைப் போல ஏழு மடங்கு. நடிகர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார்கள். இசையும் கலையும் சினிமாத் தரத்தில் இருக்கும். ஒரு பெரிய நாவலை இப்படிக் கௌரவமாக எடுக்க முடியும் என்பதற்கு அண்மையில் உதாரணமும் இருக்கிறது. கார்சியா மார்க்கேஸ் தன் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படமாக்க உயிரோடு இருந்தவரை சம்மதிக்கவில்லை. அவர் போன பிறகு மகன்கள் நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்தார்கள். ஸ்பானிய மொழியிலேயே, கொலம்பியாவிலேயே எடுத்தார்கள். எட்டு எட்டாக இரண்டு பகுதி என்று திட்டம், முதல் எட்டு 2024 டிசம்பரில் வந்தது. மொழியையும் மண்ணையும் விட்டுக்கொடுக்காமல் நீளத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

நீளம் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை பிபிசி 1972-இல் இருபது எபிசோடாக எடுத்தது, 2016-இல் ஆறே எபிசோடில் எடுத்தது. சோவியத்தில் பொந்தார்ச்சுக் ஏழு மணி நேரத்துக்கு நான்கு பகுதிப் படமாக எடுத்தார். மூன்றுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நாவலில் எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஓடிடியில் எனக்கு மூன்று தயக்கம். ஒன்று, முதல் சீசனின் முடிவு. நாவலின் பெயர் பொன்னியின் செல்வன். அந்தப் பொன்னியின் செல்வர், பழைய நினைவாக வருவதைத் தவிர்த்தால், நடக்கும் கதையில் நேரில் வருவது இரண்டாம் பாகத்தில், இலங்கையில்தான். முதல் பாகத்தை அப்படியே முதல் சீசனாக எடுத்தால் பெயருக்குரியவர் இல்லாமலே பத்து எபிசோட் முடியும். கல்கியின் துணிச்சல் அது, வாராவாரம் வாசகர்களைக் காக்கவைத்தார். ஓடிடிக்காரர்கள் இரண்டாவது சீசனுக்குப் பணம் தருவார்களா என்பது முதல் சீசன் முடிந்த பிறகுதான் தெரியும். தரவில்லை என்றால் கதை கோடிக்கரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். மக்கள் உயிராக நினைக்கும் நாவலுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

இரண்டாவது தயக்கம் மொழி. ஓடிடிக்கு எடுப்பது ஏழெட்டு மொழியில் டப் ஆகும். திரைக்கதை விவாதத்தில் "இது ஹிந்திக்காரனுக்குப் புரியுமா?" என்ற கேள்வி மூன்றாவது நிமிஷத்தில் வரும். ஆழ்வார்க்கடியான் தன் கைத்தடியோடு சைவரையும் அத்வைதியையும் வம்புக்கு இழுப்பது முதலில் அடிபடும். எனக்கு அந்தச் சண்டைதான் வீரநாராயணபுரத்தின் வாசல். அதை எடுத்துவிட்டு ஒரு ட்ரோன் ஷாட் வைப்பார்கள். ட்ரோன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் தயாரிப்பாளர் தஞ்சைப் பெரிய கோயிலை மேலிருந்து ஒரு சுற்று காட்டி டைட்டில் போடலாம் என்றார். கதை நடப்பது சுந்தர சோழன் காலத்தில். கோயிலைக் கட்டப்போகிறவர் இந்த நாவலில் இன்னும் இளவரசர்தான், கோயில் முடிந்தது 1010-இல். சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்ற இடத்தில் செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. ஆகவே கல் கோட்டை, ராஜஸ்தான் வளைவு எல்லாம் வேண்டாம். மரத்தூணும் செங்கல்லும் போதும், அதுதான் சரியும்கூட. இந்த விஷயத்தில் குறைந்த பட்ஜெட் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது தயக்கம், எல்லா எபிசோடையும் ஒரே நாளில் கொட்டுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே காட்சியை எடுத்து மூன்று வழியிலும் போட்டுப் பார்க்கலாம். முதல் பாகத்தில் 'ஆற்றங்கரை முதலை' என்று ஒரு அத்தியாயம். வந்தியத்தேவன் குதிரையில் போகிறான். அரிசிலாற்றங்கரையில் பெண்களின் கூச்சல் கேட்கிறது. ஓடிப் பார்த்தால் பெரிய முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. நம் வீரன் யோசிக்காமல் வேலை எறிகிறான். வேல் பாய்கிறது. முதலை அசையவில்லை. பெண்கள் சிரிக்கிறார்கள். அது செத்த முதலை, வயிற்றில் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார்கள். வானதியின் பயத்தைத் தெளிவிக்க நடந்த விளையாட்டு. ஆள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறான். குந்தவையை மறக்க முடியாமல் போகிறான்.

தினசரியில் இது வெள்ளிக்கிழமைக்குப் போகும். வேல் கையைவிட்டுக் கிளம்பும், குந்தவை முகம், வானதி முகம், முதலை முகம், மறுபடி குந்தவை முகம், தொடரும். முதலை பஞ்சு என்பது தெரிய இரண்டு நாள். அதற்குள் சிரிப்பு செத்துவிடும். ஓடிடியில் முதலைக்குக் கிராபிக்ஸ் போடுவார்கள். அல்லது, இருட்டான அரசியல் கதைக்கு நடுவே இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று வெட்டுவார்கள். வெட்டவில்லை என்றாலும், பார்ப்பவர் அதே ராத்திரியில் அடுத்த நான்கு எபிசோடைப் பார்த்துவிடுவார். முதலை மறந்துபோகும். வாரத்துக்கு ஒன்று என்றால் அந்தச் சிரிப்பு ஏழு நாள் தங்கும். "பஞ்சு முதலைடா" என்று ஆபீசில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். அந்த ஏழு நாளில் வந்தியத்தேவன் நமக்கு வேண்டியவனாகிவிடுகிறான். அவனை எதற்காக நேசிக்கிறோம் என்று கேட்டால் யாரும் வாள்வீச்சைச் சொல்லமாட்டார்கள். அவன் அசடு வழிந்த இடங்களைத்தான் சொல்வார்கள்.

இது வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்ட கதை. ஒவ்வொரு வாரப் பகுதியின் கடைசி வரியும் ஒரு வாரக் காத்திருப்பைத் தாங்கும்படி வார்க்கப்பட்டது. எட்டாவது அத்தியாயத்தின் தலைப்பே 'பல்லக்கில் யார்?' என்பதுதான். தினமும் போட்டால் அந்தக் கேள்வி ஊறுவதற்கு நேரமில்லை. ஒரே மூச்சில் போட்டால் கேள்வி எழும்முன் பதில் வந்துவிடுகிறது. தமிழ்த் தொலைக்காட்சிக்கும் வாரக் கணக்கு புதிதல்ல. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வாரம் ஒருமுறைதான் வந்தது. அதில் 'விடாது கருப்பு' கதை ஓடிய நாட்களில் கருப்பு யார் என்று வாரம் பூராவும் தெருவில் பந்தயம் கட்டினோம். இன்று டிவி சேனல்களில் கதைத் தொடருக்கு வார நேரமே கிடையாது, சனி ஞாயிறு பாட்டுக்கும் சமையலுக்கும் போய்விட்டது. ஆனால் ஓடிடி மேடைகள் வாரம் ஒன்று என்று வெளியிடத் தயங்குவதில்லை. ஆகவே நான் சொல்வது கலப்பு வழி: ஓடிடியின் தயாரிப்பு முறை, பத்திரிகையின் வெளியீட்டு முறை.

அனிமேஷனையும் கேட்டார். நாவலுக்கு ஓவியர் மணியம் வரைந்த கோடுகள் அசைவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். குதிரைக்குத் தீனி போட வேண்டாம், நடிகரின் கால்ஷீட் பிரச்சினை இல்லை. ஆனால் நம் வீடுகளில் அனிமேஷன் என்றால் ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துப் பேசலாம்.

வழி எதுவானாலும் சில முடிச்சுகள் அப்படியே நிற்கும். அவற்றில் பெரியது முகம். நந்தினிக்கும் மந்தாகினிக்கும் ஒரே சாயல் என்பது நாவலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சொல்லால் எழுதும்போது சாயலை ஒளித்துவைக்கலாம், ஒருத்தியை வர்ணித்த வார்த்தை இன்னொருத்திக்கு வரும்போது நாமே திடுக்கிடுவோம். கேமராவால் அது முடியாது. ஒரே நடிகை என்றால் பார்த்த கணமே தெரிந்துவிடும். படத்தில் ஐஸ்வர்யா ராயே இரண்டும், அதை முதல் படத்தின் கடைசித் திடுக்கிடலாக வைத்துக்கொண்டார்கள். அது சினிமாவுக்குச் சரியான தீர்வு. தொடரில் ஊமை ராணியை முதலில் முதுகாக, நீரில் கலையும் உருவமாக, சுந்தர சோழனின் பயமாக மட்டும் காட்டலாம். பல வாரம் முகத்தைக் காட்டாமல் இருக்க வாரத் தொடரால்தான் முடியும். தினசரியில் சேனல் பொறுக்காது.

அடுத்தது கொலை. கடம்பூர் மாளிகை, கரிகாலன், விளக்கு அணைகிறது. யார் கொன்றது என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. அந்த அறையிலேயே இருந்த வந்தியத்தேவனுக்கே தெரியாது. காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது, அவ்வளவுதான். எழுத்தில் விளக்கை அணைத்துவிடலாம். திரையில் அணைத்தால் "ஏமாத்திட்டான்" என்பார்கள், அணைக்காவிட்டால் யாரோ ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்தே ஆக வேண்டும். என் யோசனை, அந்த ஒரு எபிசோடை முழுக்க வந்தியத்தேவன் கண்வழியே காட்டுவது. அவன் பார்த்ததுவரைதான் நாமும் பார்ப்போம். அதற்கு முந்தைய எல்லா வாரமும் அவன் கண்வழியே பார்த்துப் பழகியிருந்தால் இது ஏமாற்றாகத் தெரியாது. ஆகவே முதல் எபிசோடிலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

தயாரிப்பாளர் ஒரு தடவைகூடக் கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது: கல்கியின் குரல். நாவல் தொடங்கும்போதே நேயர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்புறம் கூடவே வருகிறார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் பாய்வதைக் காட்டுகிறார். வந்தியத்தேவனைச் சுவரின் மேல் தொங்கவிட்டுவிட்டு, இவன் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும், நாம் பழையாறை போய் வருவோம் என்கிற தோரணையில் நகர்கிறார். நடுவில் கல்வெட்டு ஆதாரம் சொல்கிறார், கிண்டல் செய்கிறார். படத்தின் தொடக்கத்தில் கமல் குரலில் ஒரு முன்னுரை வந்தது, வரைபடத்தோடு. நல்ல முன்னுரை. ஆனால் அது தகவல் சொல்கிற குரல், கல்கியுடையது வம்பளக்கிற குரல். பம்பாய் கண்ணன் பல குரல்களை வைத்துத் தயாரித்த ஒலிநூலை நான் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். நாவலில் எதுவும் வெளியே போகாமல் அப்படியே இருக்கும் ஒரே வடிவம் அதுதான் என்று தோன்றியது, கல்கியின் வரி ஒன்றுகூட விழவில்லையே.

ஆகவே தொடரில் ஒரு கதைசொல்லி வேண்டும். கணீர்க் குரல் வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். எபிசோடுக்கு மூன்று இடம், தலா இருபது விநாடி. இதைச் சொன்னால் எந்த இயக்குநரும் முகம் சுளிப்பார், "காட்டணும், சொல்லக்கூடாது" என்று படித்திருப்பார். கல்கி விஷயத்தில் அந்த விதி செல்லாது. அவர் சொல்வதைக் கேட்கத்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள்.

வசனத்துக்குத் தனியாக மண்டையை உடைக்க வேண்டாம். இன்றைய பேச்சுத்தமிழ் வைத்தால் கேலி ஆகும், சிவாஜி காலத்து அடுக்குமொழி வைத்தால் நாடகம் ஆகும். படங்களில் ஜெயமோகன் ஒரு நடுவழி வைத்தார், எளிய எழுத்துத்தமிழ், நீளமில்லாத வாக்கியம். அதே திசையில் போகலாம், கல்கியின் குறும்பை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டு. நடிகர்களில் பாதிப் பேர் நாடகமேடையிலிருந்து வர வேண்டும். 1999-இல் மேஜிக் லாண்டர்ன் குழு இந்த நாவலை மேடையேற்றியபோது அதை நாடகமாக்கிய குமரவேல்தான் பிற்பாடு படத்தின் திரைக்கதையிலும் இருந்தார். நீண்ட வசனத்தைப் பிராம்ப்டர் இல்லாமல் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நட்சத்திரம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குந்தவை ஏற்கெனவே இருக்கிறாள். தெரிந்த முகத்தை வைத்தால் சண்டைக்கு வருவார்கள், தெரியாத முகத்தை வைத்தால் மூன்றாவது வாரம் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசியில் அவருக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். முதல் சீசன் பதினாறு வாரம், வாரத்துக்கு நாற்பது நிமிஷம், எபிசோடுக்கு நான்கு அத்தியாயம். முதல் பாகத்தின் 57-ஓடு நிறுத்தாமல் இரண்டாம் பாகத்தின் தொடக்க அத்தியாயங்களையும் சேர்த்துக்கொண்டு, பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் நடுக்கடலில் இருக்கும்போது நிறுத்துவது. அடுத்த சீசன் வராமலே போனாலும் அது முடிவு மாதிரி இருக்கும், வந்தால் தொடக்கம் மாதிரி இருக்கும். பொன்னியின் செல்வரான அருள்மொழியின் முகத்தை அந்தப் பதினாறு வாரமும் காட்ட வேண்டாம், பேச்சில் மட்டும் வரட்டும். போர் ஒன்றுகூட வேண்டாம். முதலையைக் கலை இயக்குநரே பஞ்சு வைத்துச் செய்துவிடட்டும், கிராபிக்ஸ் வேண்டாம் என்று கல்கியே எழுதிவிட்டார்.

செலவு தினசரியைவிட எபிசோடுக்குப் பல மடங்கு வரும். நஷ்டம் வந்தால் ஒரே அடியாக வரும். அதை மறைக்காமல் எழுதினேன். தினசரியென்றால் மோசமாகப் போனாலும் இரண்டு மாதத்தில் கையைக் கழுவிவிடலாம், அந்த வசதி இதில் இல்லை. படித்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தாள்களை எங்கள் அத்தை எடுத்துப் பார்த்தார். அவருக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. கல்கியில் நாவல் மறுபடி தொடராக வந்தபோது பக்கங்களைக் கிழித்து, ஊசியால் தைத்து, காலிகோ பைண்டு போட்டு வைத்திருப்பவர். ஐந்து பாகமும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மூன்றாவது பாகத்தில் நான்கு பக்கம் இல்லை, சித்தப்பா கொண்டுபோய்த் தொலைத்துவிட்டார், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. கணக்கு, சீசன், ஓடிடி எதையும் அவர் படிக்கவில்லை. வாரம் ஒருமுறை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "எந்தக் கிழமைடா போடுவாங்க?" என்று கேட்டார்.